ரிமோட்டை யார் கையில் கொடுப்பது?

வீட்டுக்குள் சூடு, குளிர், புழுக்கம் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசி பஞ்சாயத்து. 'அவருக்குப் புழுங்குகிறது, எனக்குக் குளிர்கிறது, யார் சொல்வது சரி, தீர்ப்பு சொல்லுங்கள்' என்கிற ரகம். 31 வருடம் ஏசியும் காற்றுக் குழாயும் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் தீர்ப்பு கேட்டால் என்ன கிடைக்கும்? படித்ததையும் ஏணிமேல் நின்று பார்த்ததையும் சொல்கிறேன்.

கேள்வி: படுக்கையறை ஏசியை 24இல் வைத்தால் நான் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். என் கணவரோ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு குறை" என்கிறார். கல்யாணமாகி 12 வருடமாக இதே சண்டை. கோளாறு என் உடம்பிலா, அவர் உடம்பிலா?

பதில்: ரெண்டிலும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒரு பெரிய ஆளின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற கணக்கு. அந்தச் சூடு தோல் வழியாக வெளியே போயாக வேண்டும். உண்டாகிற வேகத்திலேயே போனால் இதமாக இருக்கும். அதைவிட வேகமாகப் போனால் குளிரும். போக வழியில்லாமல் தேங்கினால் புழுங்கும். நமக்குத் தெரிவது அறையின் சூடு இல்லை, நம் உடம்பிலிருந்து சூடு கழன்று போகிற வேகம். உங்கள் இருவருக்கும் அந்த வேகமும் வேறு, உண்டாகிற அளவும் வேறு. ரிமோட்டில் தெரியும் 24 என்பது, மெஷின் தனக்குள் இழுக்கிற காற்றுக்கு வைத்துக்கொண்ட இலக்கு. கட்டிலில் படுத்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

தசை அதிகமுள்ள உடம்பு அதிகச் சூட்டை உண்டாக்கும். சராசரியில் ஆண்களுக்குத் தசை அதிகம். பெண்கள் பலருக்குக் கை, கால் விரல்கள் சீக்கிரம் சில்லிட்டுப் போகின்றன. உள்ளுடம்பின் கதகதப்பைக் காப்பாற்ற, விரல்நுனி ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. 2015இல் நெதர்லாந்தைச் சேர்ந்த போரிஸ் கிங்மா, வௌட்டர் வான் மார்கன் லிக்டன்பெல்ட் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கட்டிடக் கணக்குகளில் 'ஆள் ஒருவரின் சூடு' என்று போடப்படும் எண் 40 வயது, 70 கிலோ ஆணை வைத்து வந்தது, பெண்கள் உடம்பு உண்மையில் உண்டாக்கும் சூட்டைவிட அது 35 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். ஏசியே ஆண்களுக்காகச் செய்யப்பட்டது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அவர்கள் அளந்தது 16 இளம்பெண்களைத்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை கொடுத்து உட்காரவைத்தால் ஆணும் பெண்ணும் இதமென்று தேர்ந்தெடுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதற்கு வெகு காலம் முன்பே ஓர் ஆய்வு சொன்னது. என் அனுபவமும் அதுதான். பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு பெண்கள், ஒருவர் சால்வையோடு, இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் வழக்கு. இருவருக்கும் ஒரே பெரிய போர்வை என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஆளுக்கு ஒன்று, உங்களுடையது கனமாக, அவருடையது மெல்லிசாக. அப்புறம் ஏசியை 26க்கு ஏற்றிவிட்டு, அவர் பக்கம் மட்டும் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வையுங்கள். மேஜைமேல் இருக்கும் காகிதம் லேசாகப் படபடக்கிற அளவுக்குக் காற்று வந்தாலே, தோலுக்கு 2, 3 டிகிரி குறைத்த மாதிரி இருக்கும். அவருக்கு 23, உங்களுக்கு 26, கட்டில் ஒன்று. உங்களுக்கு மட்டும் இன்னொன்று: காலுறை போட்டுத் தூங்கிப் பாருங்கள். கால் கதகதப்பாக இருந்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். காரணம் தலைகீழாகத் தோன்றும். பாதத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்தால்தான் உள்ளுடம்பின் சூடு வெளியேறும். உள்ளுடம்பு கொஞ்சம் ஆறினால்தான் கண் செருகும்.

கேள்வி: அலுவலகத்தில் நாங்கள் 40 பேர். ஏசியை எந்த எண்ணில் வைத்தாலும் யாராவது ஒருவர் எழுந்து வருகிறார். நிர்வாகம் என் தலையில். எல்லோருக்கும் ஒத்துவரும் எண் எது?

பதில்: அப்படி ஒரு எண் கிடையாது. இதை டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். காற்றும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருக்கும் அறைகளில் மொத்தம் 1,296 பேர் உட்கார்ந்து, மைனஸ் 3 என்றால் கடுங்குளிர், பிளஸ் 3 என்றால் கடுஞ்சூடு என்று மதிப்பெண் போட்ட சோதனைகள் அவருக்கு ஆதாரம். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், எல்லோருக்கும் ஒரே உடை. 1970இல் அவர் வெளியிட்ட கணக்கை இன்றும் உலகமெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு: மிகச் சரியான இடத்தில் வைத்தாலும் 100க்கு 5 பேர் முகம் சுளிப்பார்கள். உங்கள் 40 பேரில் 2 பேர். அதுவும் ஒரே உடை, ஒரே வேலை என்று இருக்கும்போது. உங்கள் ஆட்களில் ஒருவர் இப்போதுதான் நாலு மாடி ஏறி வந்திருப்பார், இன்னொருவர் மூன்று மணி நேரமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

ஏசி பிறந்ததே மனிதருக்காக இல்லை, தெரியுமா? 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்க, காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதற்காக வில்லிஸ் கேரியர் வரைந்து கொடுத்த ஏற்பாடுதான் தொடக்கம். காகிதம் கொடுத்து வைத்தது. அதற்கு ஒரே எண் போதும், எழுந்து வந்து புகாரும் சொல்லாது.

நீங்கள் செய்யவேண்டியது இது. இரண்டு வாரம், யார் புகார் சொன்னாலும் அவர் உட்காரும் இடத்தை ஒரு தாளில் புள்ளியாக வையுங்கள். நான் புகார் நோட்டு எழுதிய காலமெல்லாம் ஆளை விட்டுவிட்டு நாற்காலியைத்தான் குறித்து வைத்தேன். பெரும்பாலும் குளிர்ப் புள்ளிகள் காற்று வாய்க்கு நேர் கீழேயும், புழுக்கப் புள்ளிகள் வெயில் விழும் கண்ணாடி ஓரத்திலும் குவியும். ஒரு கட்டிடத்தில் திடீரென்று பாதித் தளம் புழுங்குகிறது என்று கூப்பிட்டார்கள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தால், காற்று வரும் கிரில் ஒன்றை அட்டை மூடியிருந்தது. பழைய ஃபைலைப் பிரித்து, நாலு பக்கமும் அளவாக வெட்டி, செல்லோடேப் போட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்து இரண்டாவது சுற்றும் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களே அவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிடரியில் எட்டு மணி நேரம் குளிர்காற்று விழுந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அட்டையை எடுத்துவிட்டு, கிரில்லின் தகடுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பத்து நிமிட வேலை.

உடை விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். ஒரு ஸ்வெட்டர், உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒன்றரை, இரண்டு டிகிரிக்குச் சமம். கோட்டும் டையும் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டு, கோட்டுக்காரருக்கு இதமாக இருக்க 21க்கு இறக்கி, மெல்லிய சட்டைக்காரர்களை நடுங்கவைக்கும் அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மனசை உறுத்துவதால் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலதிகாரி சொன்னபடி, ஓர் அறையில் வயரே இல்லாத ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் திருகிவிட்டு வந்தேன். திருப்பினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். அந்த அறையிலிருந்து புகார் அப்புறம் வரவே இல்லை. எங்கள் தொழிலில் பல நாடுகளிலும் இந்தத் தந்திரம் உண்டு. வேலை செய்யத்தான் செய்கிறது. தன் கையில் பிடி இருக்கிறது என்றாலே மனிதர் இன்னும் கொஞ்சம் சூட்டையோ குளிரையோ பொறுத்துக்கொள்கிறார். ஆனால் ஏமாற்று ஏமாற்றுதான். நீங்கள் பொய்ப் பெட்டி மாட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு சின்ன மேஜை ஃபேன் வாங்கிக் கொடுங்கள், அது உண்மையான பிடி.

கேள்வி: மேல்மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். இரண்டிலும் தெர்மாமீட்டர் 29 காட்டுகிறது. ஒன்றில் உட்கார முடிகிறது, மற்றதில் ராத்திரி 9 மணிக்கும் தலை காய்கிறது. தெர்மாமீட்டர் பழுதா?

பதில்: தெர்மாமீட்டர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அது காற்றை மட்டும் அளக்கிறது. உங்கள் தலையைக் காயவைப்பது காற்று இல்லை, கூரை. காங்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பல மணி நேரம் கழித்து உள்பக்கமாகக் கக்கும். அந்தச் சூடு கதிராக நேரே உங்கள்மேல் வந்து விழும், நடுவில் இருக்கும் காற்றைக் கேட்காது. அந்த அறையில் நின்று உள்ளங்கையைக் கூரைக்குக் காட்டுங்கள், அப்புறம் தரைக்குக் காட்டுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

எண்ணாகப் பார்க்க ஆசையென்றால் ஒரு வேலை செய்யுங்கள், மலிவான வேலை. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கம்பி முனையுள்ள தெர்மாமீட்டரை முனை பந்தின் நடுவில் நிற்கும்படி நுழையுங்கள். துளையைப் பசையால் அடைத்துவிட்டு, பளபளப்பில்லாத சாம்பல் நிறப் பெயின்ட்டை வெளியே பூசுங்கள். உட்கார்ந்தால் உங்கள் நெஞ்சு இருக்கும் உயரத்தில் நூலில் தொங்கவிட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள். விளையாட்டு இல்லை. 1930களில் வெர்னன் என்பவர் 15 சென்டிமீட்டர் செம்புக் கோளத்துக்குக் கறுப்பு பூசி இதைச் செய்தார். வீட்டுக்குள் அளக்க டேபிள் டென்னிஸ் பந்து அளவுதான் பொருத்தம் என்று 1977இல் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் எழுதினார். காற்றும் கதிரும் சேர்ந்து உடம்புக்குத் தெரியும் சூட்டை ஏறக்குறைய அந்தப் பந்து காட்டிவிடும். என் பந்து சீலிங்கில் ஒரு கொக்கியில் பல வருடமாகத் தொங்குகிறது. பேத்தி அதைத் 'தாத்தாவோட நிலா' என்பாள். வெயில் ஏறிய நாளின் சாயங்காலத்தில் பக்கத்துத் தெர்மாமீட்டரைவிட 2 டிகிரி கூடுதலாகவே நிற்கும்.

தீர்வு கூரைக்கு மேலே இருக்கிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ, மேலே ஒரு நிழலோ போடுங்கள். அதுவரை அந்த அறையில் பக்கத்து அறையின் எண்ணையே வைத்துவிட்டு 'ஏசி சரியில்லை' என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். பாவம் அவர்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. நாங்கள் வியர்த்து வழியும்போது அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலையும் சாத்துகிறார். ஃபேன் போட்டால் கோபம். அடம்தானே?

பதில்: அடம் இல்லை. வயதானால் தசை குறையும், உடம்பு உண்டாக்கும் சூடும் குறையும். உங்களுக்கு இதமான காற்று அவருக்கு ஊசி. ஃபேனை அவர்மேல் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், சண்டை பாதி குறையும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பேச்சை நம்பாதீர்கள். சூடு ஏறுகிறது என்று தெரிந்துகொள்கிற உணர்வும் வயதில் மங்கும். வியர்வை தாமதமாக வரும். தாகமும் சரியாகத் தெரியாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் உண்மையாகவே சொல்வார், அறை அடுப்பாக இருக்கும். அதனால் கடும் வெயில் நாட்களில் அவர் அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, அதைப் பார்த்து முடிவெடுங்கள். தண்ணீரைக் கேட்கும்வரை காத்திராமல் கொண்டுபோய்க் கொடுங்கள். பேச்சு குழறினாலோ மயக்கமாக இருந்தாலோ அது டாக்டர் வேலை, என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இதுவரை இல்லாமல் புதிதாகக் குளிர ஆரம்பித்தவர்களுக்கும் இதையே சொல்வேன். தைராய்டு குறைவு, ரத்தசோகை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் கை காலைச் சில்லென்று ஆக்கும். அதை ஏசி மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: எனக்கு 49 வயது. நன்றாக உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று முகமெல்லாம் எரிந்து வியர்த்துக் கொட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது. வீட்டில் 'உனக்கு மட்டும் எப்படி' என்று சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உள்ளுடம்பின் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாமல் விடும் ஓர் இடைவெளி எல்லோருக்கும் உண்டு. மாதவிடாய் நிற்கிற காலத்தில் பலருக்கு அந்த இடைவெளி மிகவும் குறுகிவிடுகிறது. இம்மியளவு ஏறினாலே உடம்பு அவசரநிலை அறிவித்து வியர்வையைத் திறந்துவிடும். அந்த வியர்வை காயும்போது சூடு வேகமாகப் போய்க் குளிரும். அறையின் எண்ணை மாற்றி இதைத் துரத்த முடியாது, நீங்கள் ரிமோட்டை எடுப்பதற்குள் அது போய்விடும். சட்டென்று கழற்றிப் போட ஒரு மேல்சட்டை, கையெட்டும் தூரத்தில் ஒரு சின்ன ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் படுத்தினால் மருந்து இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே அறையில் டைல்ஸ் தரை சில்லென்று இருக்கிறது, மேலே விரித்த கம்பளம் அப்படி இல்லை. எது அதிகக் குளிர்ச்சி?

பதில்: இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. டைல்ஸ் உங்கள் பாதத்துச் சூட்டை வேகமாக உறிஞ்சும், கம்பளம் உறிஞ்சாது. முதல் பதிலில் சொன்ன அதே வேகம்தான்.

கேள்வி: தைலம் தடவினால் குளிர்கிறதே, உடம்புச் சூடு இறங்குகிறதா?

பதில்: அதில் இருக்கும் மென்தால், குளிரைச் சொல்லும் நரம்பின் கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். தோலுக்குக் குளிர் மணி அடிக்கிறது, வாசலில் யாரும் இல்லை. மென்தாலும் மிளகாயின் காரமும் நரம்பை எப்படி ஏமாற்றுகின்றன என்று தேடிப் போனவர்களில் டேவிட் ஜூலியஸும் ஒருவர். ஆர்டெம் படபூட்டியனோடு சேர்ந்து 2021இல் நோபல் பரிசு வாங்கினார்.

கேள்வி: ராத்திரி எத்தனை முறை போர்த்தினாலும் என் நான்கு வயது மகன் உதைத்துத் தள்ளிவிடுகிறான். குளிராதா?

பதில்: கிலோவுக்குக் கிலோ பார்த்தால் குழந்தை உடம்பு உங்களைவிட அதிகச் சூட்டை உண்டாக்கும். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பிடரியைத் தொடுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் அவன் உதைப்பது நியாயம்.

கேள்வி: ஐந்து வருடம் முன்பு எனக்கு ஃபேனே போதும். இப்போது வீடு, கார், அலுவலகம் எல்லாம் ஏசி. 27 என்றாலே மூச்சு முட்டுகிறது. உடம்பு கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை, பழகிவிட்டது. ஃபாங்கரின் கணக்கு அறைக்குள் வந்தவரின் முந்தின நாளைக் கேட்பதில்லை. பந்து விஷயத்தில் சொன்ன ஹம்ஃப்ரீஸும், அவருடைய கூட்டாளி ஃபெர்கஸ் நிக்கலும் 1970களிலேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே பருவம் மாற மாற மனிதருக்கு இதமான எண்ணும் கூடவே நகர்கிறது என்றார்கள். 1998இல் ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 160 கட்டிடங்களில் திரட்டிய 21,000 பதிவுகளைப் பார்த்தார்கள். ஜன்னலைத் தாங்களே திறந்து மூடும் கட்டிடங்களில் இருந்தவர்கள் மிக அகலமான எல்லையை ஏற்றுக்கொண்டார்கள். நாள் முழுக்க ஏசியில் இருந்தவர்களுக்கு எல்லை ஒடுங்கியிருந்தது. 2004இல் அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கத்தின் தரவிதியில் இது ஏறிவிட்டது. தொழிலில் இருந்த எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமான விதி. நாங்கள் விற்ற சுகமே ஆட்களை மென்மையாக்குகிறது என்று எங்கள் சங்கமே எழுதிவைத்த மாதிரி.

திரும்பிப் போகலாம், ஆனால் ஒரே நாளில் இல்லை. இப்போது வைத்திருக்கும் எண்ணிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு டிகிரி ஏற்றுங்கள், கூடவே ஃபேன் ஓடட்டும். சாயங்காலம் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட ஆறியதும் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வெளியே கொஞ்சம் வியர்க்க நடந்துவிட்டு வாருங்கள். வியர்வைச் சுரப்பி புதுச் சூட்டுக்குத் தயாராக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், வீட்டில் யாரிடமாவது கத்துவீர்கள். அந்த வாரம் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இரண்டாவது வாரம் முடிந்ததும் எழுதுங்கள், ரிமோட் எந்த எண்ணில் நிற்கிறது என்று.